குங்குமம் வைத்த பருப்புப் பாக்கெட்

நீங்கள் பொய் சொன்னீர்கள். உங்கள் ஆஃபர் கடையில் துவரம் பருப்பு அடுக்கும் தட்டில் "பச்சைப் பாக்கெட் வரத்து இல்லை" என்று தாள் ஒட்டி வைத்தீர்களே, அது பொய். வரத்து இருந்தது. அந்தப் பருப்பு எங்கள் பேக்கிங் யூனிட்டில் மூட்டை மூட்டையாக இறங்கியது. என் கையால் பாக்கெட் எடுத்துப் பெட்டியில் அடுக்கினேன். அதோடு நிறுத்தியிருந்தால், கடைக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான் என்று நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். அந்தப் பொய்யைக் காப்பாற்ற ஒரு பொம்பளையைத் திருடி என்றீர்கள். மைக்கில் சொன்னீர்கள். தமிழில், கன்னடத்தில், தெலுங்கில் சொன்னீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கல்யாணமாகி ஓசூருக்கு வந்தவள். எங்களுக்கு ஊர் விருதுநகர் பக்கம். வீட்டுக்காரர் வண்டி பார்ட்ஸ் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஜூஜுவாடிப் பக்கம் லைன் வீட்டில் இருக்கிறோம். எங்கள் லைனில் ஒரு வீடு தஞ்சாவூர், ஒரு வீடு சேலம், கடைசி வீடு கன்னடக்காரர்கள். ஒவ்வொரு வீட்டிலும் குக்கர் விசில் அடிக்கும் நேரம் ஷிப்டைப் பொறுத்து மாறும். உள்ளே வேகுவது மாறாது. பருப்புதான். காய் இல்லாமல் சமைத்துவிடலாம். பருப்பு இல்லாமல் ஷிப்டுக்குப் போகிறவனுக்கு டிபன் பாக்ஸ் கட்ட முடியாது. எங்கள் ரேஷன் கார்டு இன்னும் ஊரில்தான் இருக்கிறது. மாற்றித் தரச் சொல்லி அலைந்து பார்த்து விட்டுவிட்டோம்.

உங்கள் கடை திறந்தபோது எங்களுக்குச் சந்தோஷம்தான். கடையின் சொந்தப் பெயர் போட்டு, பச்சைக் கவரில், எல்லாச் சாமானும் வெளிக்கடையைவிடக் குறைந்த விலையில் கிடைத்தது. பருப்பு, ரவை, சர்க்கரை, பாத்திரம் துலக்கும் சோப்பு. டிவியில் விளம்பரம் இல்லை, நடிகர் படம் இல்லை, அதனால் விலை குறைவு என்று எழுதியே போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அத்திப்பள்ளியிலிருந்துகூட கர்நாடகா எல்லை தாண்டி வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். வாசலில் ஒரு ஸ்பீக்கர். அதில் ஒரு பெண் மூன்று பாஷையிலும் ஆஃபர் சொல்லிக்கொண்டே இருப்பாள். தெருமுனையில் இருந்த மளிகைக்கடை ஒரு வருடம்கூடத் தாக்குப் பிடிக்கவில்லை. இப்போது அங்கே செல்போன் கவர் விற்கிறார்கள். மூடுகிற அன்றைக்கு அந்த மளிகைக்காரர் எங்களைப் பார்த்து, "போங்க போங்க, ஏசி காத்துல பருப்பு வாங்குங்க. ஒருநாள் அவன் இல்லைன்னு சொல்வான், அப்ப நான் இருக்க மாட்டேன்" என்றார். வயிற்றெரிச்சலில் பேசுகிறார் என்று நாங்கள் சிரித்தோம்.

அவர் சொன்னது நடந்தது. முதலில் பச்சைப் பாக்கெட் பருப்பு காலையிலேயே தீர்ந்தது. ஜெனரல் ஷிப்ட் முடிந்து போகிறவர்களுக்குக் காலித் தட்டுதான். பிறகு ஆளுக்கு ஒரு பாக்கெட் என்றார்கள். பிறகு அந்தத் தாளை ஒட்டினார்கள். அதே தட்டுக்கு மேலேயும் கீழேயும் மற்ற கம்பெனிப் பருப்பு குவிந்து கிடந்தது. விலை கூடின பருப்புக்கு ஒருநாளும் தட்டுப்பாடு வரவில்லை. "தொகரி பேளே இல்வா?" என்று கன்னடத்தில் ஒருத்தர் கேட்பார். "கந்திபப்பு லேதா?" என்று தெலுங்கில் ஒருத்தர் கேட்பார். சாமான் அடுக்குகிற பெண் எல்லா பாஷைக்கும் ஒரே மாதிரி கையை விரிப்பாள்.

என் கதை இதில் எங்கே வருகிறது என்றால், அந்தப் பச்சைப் பாக்கெட்டைக் கட்டும் யூனிட்டில்தான் எனக்கு வேலை. கான்ட்ராக்ட் ஆள். கம்பெனி வேனில் போய், கம்பெனி வேனில் திரும்புவேன். மேலே பெரிய புனல் மாதிரி ஹாப்பர், அதில் மூட்டையிலிருந்து பருப்பைக் கொட்டுவார்கள். கவர் அச்சடித்த பிளாஸ்டிக் பெரிய ரோலாக வரும். மிஷின் ரோலை இழுத்து, மடித்து, பருப்பை நிரப்பி, ஒட்டி, வெட்டித் தள்ளும். கீழே நாங்கள் நின்று, ஒட்டல் சரியாக இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்து, பெட்டியில் அடுக்குவோம். இதுதான் வேலை. இதில் பெருமை ஒன்றும் இல்லை, கால் வலிதான்.

லைனில் எல்லாரும் என்னைத்தான் குத்திக் காட்டினார்கள். "ஏங்க்கா, நீ கட்டுற பருப்பு உங்க வீட்டுக் குக்கருக்கு மட்டும் வருதா?" என்றாள் சேலத்துக்காரி. தஞ்சாவூர் வீட்டு அம்மா இன்னும் ஒரு படி மேலே போய், "அடுத்த தடவை வரும்போது மடியில கட்டிக்கிட்டு வா, புண்ணியமாப் போவும்" என்றார். நான் கடுப்பாகி, "மடியைத் தடவிப் பார்த்துதான் கேட்டுல விடுறானுங்க, வேணும்னா நீங்க வந்து நில்லுங்க" என்றேன். சிரிப்பாகத்தான் போனது. ஆனால் எனக்கு உறுத்தியது. நாங்கள் பச்சைப் பாக்கெட் கட்டாத நாளே இல்லை. பிறகு ஏன் கடையில் இல்லை?

என் பக்கத்தில் நின்று வேலை செய்தவள் கெலமங்கலத்துப் பக்கத்துக் கிராமத்துக்காரி. என்னைவிடச் சின்னவள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். தேன்கனிக்கோட்டை போகும் வழியில், காட்டை ஒட்டிக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. கேழ்வரகு போடுவார்கள். அந்த வருடம் கதிர் முற்றும் நேரத்தில் யானை இறங்கிவிட்டது. தின்றதைவிட மிதித்தது அதிகம். அதற்குப் பிறகுதான் யூனிட்டுக்கு வந்தாள். கிராமத்தில் மகளிர் குழுவுக்கு அவள்தான் தலைவி. குழுவின் பணப்பெட்டிச் சாவி அவள் கழுத்துக் கயிற்றில், தாலியோடு சேர்ந்து தொங்கும். குனியும்போதெல்லாம் மிஷினில் மாட்டிவிடும் என்று சூப்பர்வைசர் கத்துவார். "கழட்ட மாட்டேன் சார், ஊரு நம்பிக் குடுத்தது" என்பாள். ஒரு கைக்குட்டையில் சுற்றி ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொள்வாள்.

ஒரு சனிக்கிழமை பச்சை ரோலை நிறுத்தினார்கள். தீரவில்லை, நிறுத்தினார்கள். இன்னும் பாதி ரோல் இருக்கும்போதே வெட்டிவிட்டு, புதிதாக ஒரு சிவப்பு ரோலை ஏற்றினார்கள். அதே கடையின் பெயர்தான். எழுத்து மட்டும் தங்க நிறம், பக்கத்தில் ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் பருப்புப் படம். "தேர்ந்தெடுத்த பருப்பு" என்று போட்டிருந்தது. யார் தேர்ந்தெடுத்தார்கள்? ஹாப்பரில் இருந்த பருப்பைக்கூட மாற்றவில்லை. அதே மூட்டை, அதே பருப்பு, அதே தூசி.

"என்னாக்கா இது," என்றாள் அவள், "காலையில பச்சை சேலை, மத்தியானம் பட்டுச் சேலை. பொண்ணு அதே பொண்ணுதான?"

"பட்டுச் சேலைக்கு வெல கூட வெப்பாங்க பாரு," என்றேன்.

"அப்ப பச்சை?"

"அதான் வரத்து இல்லையே. தாளே ஒட்டிட்டானே."

ரோல் மாற்றும்போது ஒரு வழக்கம் உண்டு. புது ரோலை மிஷினில் முதலிலிருந்து கோத்துக்கொண்டிருந்தால் நேரம் போகும். அதனால் பழைய ரோலின் வாலில் புது ரோலின் தலையை டேப் போட்டு ஒட்டி அப்படியே இழுத்துவிடுவார்கள். ஒட்டு வருகிற இடத்தில் ஒரு பாக்கெட் ரெண்டுங்கெட்டானாக விழும். மேல் பாதி பழைய கவர், கீழ் பாதி புதுக் கவர். சாதாரண நாளில் அதைக் கிழித்துப் பருப்பை ஹாப்பரில் திரும்பக் கொட்டிவிடுவோம். புது டிசைன் முதன்முதலில் ஓடும் நாளில் மட்டும் அப்படிச் செய்ய மாட்டோம். முதலில் விழுகிற பாக்கெட் சாமிக்கு. ஸ்விட்ச் போர்டுக்கு மேலே ஒரு சாமி படம் மாட்டியிருக்கும். அதன் முன்னால் வைத்து, குங்குமம் தடவி, ஆபரேட்டர் சூடம் காட்டுவார். அது ஒட்டுப் பாக்கெட்டாக இருந்தாலும் அதுதான். "மாறுகண்ணா இருந்தாலும் தலைச்சன் தலைச்சன்தான்" என்பார் ஆபரேட்டர்.

சாமிக்கு வைத்ததைத் திரும்ப ஹாப்பரில் கொட்டக் கூடாது. விற்கவும் கூடாது. யாராவது வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட வேண்டும். கேட்டைத் தாண்டி ஒரு கைப்பிடி பருப்பு போகவேண்டும் என்றாலும் பாஸ் வேண்டும். சாமி பாக்கெட்டுக்குப் பாஸ் கிடையாது. சூப்பர்வைசர் கேட்டில் இருப்பவரிடம் "சாமி பாக்கெட்" என்று ஒரு வார்த்தை சொல்வார், விட்டுவிடுவார். நான் சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான். நானே ஒருமுறை ரவை கொண்டுபோயிருக்கிறேன்.

அன்று சூப்பர்வைசர் அந்தப் பாதி பச்சை, பாதி சிவப்புப் பாக்கெட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். "இந்தாம்மா, நீ கொண்டு போ. உன் வீட்டு ராகியத்தான் யானை சாப்ட்டுருச்சு, இதையாவது நீங்க சாப்புடுங்க" என்றார். எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்துக்கொண்டே கண்ணில் ஒற்றி, டிபன் பையில் வைத்துக்கொண்டாள். கேட்டில் சூப்பர்வைசர் சொன்னார், விட்டார்கள். நடந்தது இவ்வளவுதான். இதில் திருட்டு எங்கே இருக்கிறது?

அன்றைக்கு சோப்புக்கு ஆஃபர் என்று கேள்விப்பட்டு அவளும் என்னோடு உங்கள் கடைக்கு வந்தாள். சோப்பு வாங்கிக்கொண்டு அப்படியே பஸ் ஏறலாம் என்று. வழக்கமாக வாசலில் கைப்பையின் ஜிப்பில் ஒரு பிளாஸ்டிக் டேக் மாட்டி இறுக்கிவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார்கள். அன்று டேக் தீர்ந்துவிட்டதாம். பருப்புதான் இல்லை என்றால் டேக்கும் இல்லை. வாட்ச்மேன் பைகளைத் திறந்து பார்க்காமலேயே, "போங்கம்மா, போறப்ப செக் பண்ணிக்கறேன்" என்றார்.

உள்ளே அந்தத் தாள் இன்னும் ஒட்டியிருந்தது. நான் சும்மா இருக்கவில்லை. சாமான் அடுக்குகிற பெண்ணிடம், "பச்சை ஏம்மா இல்ல?" என்றேன்.

"கம்பெனியிலேர்ந்தே வரலைக்கா."

"எந்தக் கம்பெனி?"

"பேக்கிங் பண்ற கம்பெனி."

"நாங்கதாம்மா அந்தக் கம்பெனி," என்றேன், எங்கள் யூனிபார்ம் கோட்டைக் காட்டி. "நேத்துகூட லாரில ஏத்தி அனுப்பியிருக்கோம். லாரி எங்க போச்சு, மைசூர் பார்க்கப் போச்சா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் என்ன செய்வாள் பாவம், அவளும் என்னை மாதிரி கான்ட்ராக்ட் ஆள்தான். ஆனால் சத்தம் கேட்டு மேனேஜர் வந்துவிட்டான். சின்ன வயசு, கழுத்தில் அடையாள அட்டை. "மேடம், கஸ்டமர்ஸை டிஸ்டர்ப் பண்ணாதீங்க" என்றான். நாங்களும் கஸ்டமர்தான் என்றேன். முறைத்துவிட்டுப் போனான். போனவன் வாசலில் போய் நின்றுகொண்டான்.

சோப்புக்குப் பில் போட்டு வெளியே வரும்போது, "இவங்க பையைப் பாருங்க" என்றான் வாட்ச்மேனிடம். என் பையில் காலி டிபன் பாக்ஸ். அவள் பையில் டிபன் பாக்ஸுக்குக் கீழே அந்தப் பாக்கெட். வாட்ச்மேன் வெளியே எடுத்துத் தூக்கிப் பிடித்தார். பில் போட வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். மேலே பச்சை, கீழே சிவப்பு, நடுவில் குங்குமம் அப்பிக்கொண்டு இருந்தது.

"அர்தா ஹசிரு, அர்தா கெம்பு! பாதி பச்சை, பாதி சிவப்பு!" என்றார் அத்திப்பள்ளிக்காரர் ஒருத்தர். "இது பருப்பா, கட்சிக் கொடியா?"

மேனேஜர் அவளிடம் வந்தான். "எங்க பச்சைப் பாக்கெட் ஸ்டாக்லயே இல்ல. இதை எங்கேர்ந்து திருடினீங்க?"

"சாமிக்கு வெச்சதுங்க," என்றாள்.

"எந்தச் சாமிக்கு?"

"மிஷின் சாமிக்குங்க."

வரிசையில் நின்றவர்கள் ஓவென்று சிரித்தார்கள். நான் குறுக்கே போய், நாங்கள் பேக்கிங் யூனிட், இது ரோல் ஒட்டுப் பாக்கெட், சூப்பர்வைசர் கொடுத்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தான். கீழ்ப் பாதியில் தங்க எழுத்து. அதைப் படித்ததும் அவன் முகம் மாறியது. சிவப்புப் பாக்கெட் அன்றைக்கு எந்தக் கடைக்கும் போகவில்லை. வரப்போகிறது என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். சட்டென்று கீழ்ப் பாதியை உள்ளங்கையால் மூடினான். எனக்கு அது போதும். அந்தக் கை மூடியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"இது டூப்ளிகேட்," என்றான். "எங்க பேர்ல யாரோ போலி அடிக்கிறாங்க. நீங்க அதைக் கொண்டுவந்து இங்க மாத்தி வெக்கப் பாத்திருக்கீங்க."

"டூப்ளிகேட்டுன்னா அப்ப திருட்டு இல்ல. திருட்டுன்னா அப்ப டூப்ளிகேட் இல்ல. ரெண்டுல எதுன்னு முடிவு பண்ணிட்டுப் பேசு," என்றேன்.

"நீங்க பேசாதீங்க மேடம், போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்புடு. அந்தப் பாக்கெட்டையும் கையை எடுத்துட்டுக் காட்டு."

அவன் போலீஸைக் கூப்பிடவில்லை. அவளைச் சுவரோரமாக நிறுத்திப் போட்டோ எடுத்தான். பாக்கெட்டை அலுவலக அறைக்குள் கொண்டுபோய்ப் பூட்டினான். வெளியே வந்து ஆஃபர் சொல்லும் பெண்ணின் காதில் ஏதோ சொன்னான். அவள் மைக்கைத் தட்டினாள். "வாடிக்கையாளர்கள் கவனத்திற்கு. நமது கடையின் பெயரில் போலிப் பாக்கெட் வைத்திருந்த திருடி ஒருவர் பிடிபட்டுள்ளார். பைகளைச் சோதனை செய்ய ஒத்துழைக்கவும்." தமிழில் சொன்னாள். கன்னடத்தில் சொன்னாள். அதுவரை கெலமங்கலத்துக்காரி தலை குனிந்து நின்றாள். தெலுங்கில் "தொங்க" என்ற வார்த்தை வந்ததும் உடைந்து அழுதாள். திருடனை அவர்கள் வீட்டில் சொல்கிற வார்த்தை அது. அம்மா திட்டின பாஷையில், தாலாட்டின பாஷையில், ஸ்பீக்கர் வைத்து அவளைத் திருடி என்றார்கள்.

சோப்பை அங்கேயே போட்டுவிட்டு அவளை பஸ் ஏற்றிவிட்டேன். பஸ்ஸில் ஏறும்போதும் கழுத்துச் சாவியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள்.

திங்கட்கிழமை அவளை கேட்டுக்குள் விடவில்லை. பாஸ் இல்லாமல் சரக்கை வெளியே கொண்டுபோனாள் என்று காரணம். நான் நேராக சூப்பர்வைசரிடம் போனேன்.

"நீங்கதான சார் குடுத்தீங்க?"

"நீ வேலையைப் பாரும்மா."

"கேட்டுல சொன்னதும் நீங்கதான."

"நான் குடுத்தேங்கறதுக்கு என்ன சாட்சி?"

"அந்தச் சாமி படம் சாட்சி. அது முன்னாடிதான் குடுத்தீங்க."

அவர் படத்தைப் பார்க்கவில்லை. "எனக்கும் புள்ளைங்க இருக்குதும்மா" என்று மட்டும் சொன்னார். அவளுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு வேறொரு புது ரோல் வந்தது. யாரும் குங்குமம் வைக்கவில்லை. முதல் பாக்கெட்டை சூப்பர்வைசரே கிழித்து ஹாப்பரில் கொட்டினார். சாமிக்கும் பாஸ் வேண்டும் போலிருக்கிறது.

அவள் வேறு யூனிட்டில் வேலை கேட்டாள். இங்கே எல்லா யூனிட்டுக்கும் ஆள் அனுப்புவது நாலைந்து கான்ட்ராக்டர்கள்தான். போட்டோ அவர்கள் போனுக்கெல்லாம் போயிருந்தது. காலையில் அவள் தன் ஊர் ரோட்டுத் திருப்பத்தில் நிற்பாள், யாராவது ஏற்றிக்கொள்வார்களா என்று. ஒருநாள் எங்கள் வேன் அந்தப் பக்கம் ஆள் ஏற்றப் போனபோது பார்த்தேன். டிரைவர் அவளைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டினான். நிறுத்துடா என்று கத்தினேன். "நிறுத்தினா என் வேலை போவும்க்கா" என்றான். ஜன்னல் வழியாக அவள் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

உங்கள் கடையின் கண்ணாடியில், பில் போடும் இடத்துக்குப் பின்னால், அந்தப் போட்டோவை ஒட்டினீர்கள். அதை யாரோ செல்போனில் எடுத்து, அது கெலமங்கலம் சந்தை வரைக்கும் போய், அவள் கிராமத்துக்கும் போய்விட்டது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். அவள் கழுத்துக் கயிற்றில் சாவி இல்லை.

"குழுவுல கேட்டாங்கோ, குடுத்துட்டேன்," என்றாள். "தப்பா ஒண்ணும் பேசல. இது தெளியற வரைக்கும் வேற ஒருத்தர் வெச்சிருக்கட்டும்னாங்கோ."

"நீ சொல்ல வேண்டியதுதான, சாமி பாக்கெட்டுன்னு?"

"சொன்னேன்க்கா. சிரிக்கறாங்கோ. இனிமே நான் என்னா சொன்னாலும் சிரிப்பாங்கோ. அந்தக் கடைக்காரங்களே சொன்னாத்தான் நம்புவாங்கோ. மைக்குல கேட்டத மைக்குலதான் அழிக்க முடியும்."

அவள் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர். "யானை வந்து மிதிச்சப்ப ஊரே வந்து பார்த்துதும்மா, ஆபீஸருகூட வந்தாரு. இதுக்கு ஒருத்தரும் வரல" என்றார்.

இதற்குள் உங்கள் தட்டில் சிவப்புப் பாக்கெட் வந்துவிட்டது. "வரத்து இல்லை" தாளைக் கிழித்துவிட்டு அதே இடத்தில் அடுக்கினீர்கள். விலை பச்சையைவிட நன்றாகவே கூட. "தேர்ந்தெடுத்த பருப்பு" என்று மைக்கில் அந்தப் பெண் மூன்று பாஷையில் கூவினாள். அன்று வரிசையில் நின்று பாக்கெட்டைப் பார்த்துச் சிரித்த ஜனங்களில் பாதிப் பேராவது இதைப் பார்த்திருப்பார்கள். அந்தத் தங்க எழுத்து அவர்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். அப்படியும் கூடையில் போட்டுக்கொண்டு போனார்கள். எங்கள் லைனிலும் வாங்கினார்கள். சேலத்துக்காரி என்னிடமே வந்து, "சிவப்பு நல்லா குழையுதுக்கா, பச்சைய விட ருசி" என்றாள். "அதே மூட்டைடி, அதே மூட்டை" என்று கத்தினேன். "அதெப்படி, விலை கூட இல்ல?" என்றாள். இந்த ஜனத்துக்கு என்ன சொல்வது? விலையைத்தான் ருசி பார்க்கிறார்கள்.

நான் உங்கள் மேனேஜரிடம் திரும்பப் போனேன். தட்டிலிருந்து ஒரு சிவப்புப் பாக்கெட்டை எடுத்து அவன் மேஜையில் வைத்தேன். "இதுதான அன்னைக்குக் கீழ்ப் பாதி? டூப்ளிகேட்டுன்னியே, இப்ப நீயே விக்கிற. போட்டோவை எடு. மைக்கில சொல்லு."

"இதெல்லாம் ஹெட் ஆபீஸ் டிசிஷன் மேடம். டோல் ஃப்ரீ நம்பர் இருக்கு, கம்ப்ளெயின்ட் பண்ணுங்க."

"அவளைத் திருடின்னு சொன்னது ஹெட் ஆபீஸா? உன் ஸ்பீக்கரா?"

"நீங்க இன்னும் அந்த யூனிட்லதான வேலை பாக்கறீங்க?" என்றான். சிரித்துக்கொண்டே கேட்டான். மிரட்டல் என்று எனக்குப் புரியாதா?

அந்த நம்பருக்கும் போன் செய்தேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. கடைசியில் ஒரு பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "உங்க பகுதியில எந்தப் பொருள் கிடைக்கலைன்னு சொல்லுங்க மேடம்" என்றாள். நியாயம் கிடைக்கவில்லை என்றேன். "அது எங்க லிஸ்ட்ல இல்ல மேடம்" என்றாள். அவள் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். பிறகு போனில் ஒரு மெசேஜ் வந்தது: உங்கள் கருத்துக்கு நன்றி.

நான் இன்னும் அந்த வேனில்தான் போகிறேன். இதைப் படித்துவிட்டு என்னையும் நிறுத்துவீர்கள். நிறுத்துங்கள். ஆனால் கடையின் முதலாளி என்று ஒருத்தர் இருக்கிறீர்கள் இல்லையா, திறப்பு விழாவுக்கு வந்து ரிப்பன் வெட்டினீர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். விலை வைப்பது உங்கள் இஷ்டம். பச்சையை நிறுத்திவிட்டுச் சிவப்பு விற்பேன் என்றால் விற்றுக்கொள்ளுங்கள், வாங்க ஆள் இருக்கிறது. நாங்கள் லாரியில் ஏற்றி அனுப்பிய பச்சைப் பாக்கெட்டை எங்கே வைத்தீர்கள், வரத்து இல்லை என்று ஏன் பொய் சொன்னீர்கள்? அந்தப் பொய் உங்கள் வாசலிலேயே ஒரு பாக்கெட்டாக வந்து நின்றபோது, அதைக் கையில் வைத்திருந்தவளை ஏன் திருடியாக்கினீர்கள்?

போனில் பதில் வேண்டாம். மெசேஜ் வேண்டாம். எனக்குத் தனியாகச் சொல்லவும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து வாருங்கள். அலுவலக அறையில் பூட்டி வைத்த அந்தப் பாக்கெட்டை வெளியே கொண்டுவாருங்கள். கீழ்ப் பாதியிலிருந்து கையை எடுங்கள். பச்சையும் சிவப்பும் குங்குமமும் எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடியுங்கள். கண்ணாடியில் ஒட்டிய போட்டோவை உங்கள் கையாலேயே கிழியுங்கள். பிறகு அதே மைக்கை வாங்கி, இது எங்கள் பாக்கெட்தான், இந்தப் பெண் திருடவில்லை, பொய் சொன்னது நாங்கள் என்று தமிழில் சொல்லுங்கள். கன்னடத்தில் சொல்லுங்கள்.

தெலுங்கில் சொல்லும்போது மட்டும் சத்தத்தைக் கூட்டி வையுங்கள். கெலமங்கலம் வரைக்கும் கேட்க வேண்டும். சொல்வீர்களா, மாட்டீர்களா? ஊர் முன்னால் பதில் சொல்லுங்கள்.